சராசரிக்குள் மறைந்த மனிதர்கள்: மானிட அபிவிருத்திச் சுட்டெண்ணும் இலங்கையும்

ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் முதலாவது மானிட அபிவிருத்தி அறிக்கை 1990 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தபோது, கொழும்பில் தமிழ் நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். தொலையச்சு இயந்திரத்தில் வந்திருந்த செய்தியைத் தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. மனித அபிவிருத்தியா, மானிட அபிவிருத்தியா, சுட்டியா, சுட்டெண்ணா என்று நண்பர்கள் சிலர் அரைமணி நேரம் வாதிட்டோம். கடைசியில் மானிட அபிவிருத்திச் சுட்டெண் என்று எழுதினோம்.

செய்தியின் சாரம் இலங்கைக்குப் பெருமை தருவதாகவே இருந்தது. தலா வருமானம் ஏறத்தாழ 400 டொலராக இருந்த ஒரு வறிய நாடு, வருமான வரிசையில் வகித்த இடத்திலும் பார்க்கச் சுட்டெண் வரிசையில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் முன்னே நின்றது. பணம் குறைவாயினும் மக்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள், எழுத வாசிக்கத் தெரிந்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

அந்தச் செய்தியை எழுதி முடித்த அதே மேசையில் வேறு செய்திகளும் கிடந்தன. தெற்கில் 1987 முதல் 1989 வரை நிகழ்ந்த கிளர்ச்சியிலும் அதனை அடக்குவதற்கு அரசு கையாண்ட வழிகளிலும் பல்லாயிரக்கணக்கான இளைஞர்கள் கொல்லப்பட்டு, ஆறுகளிலும் தெருவோரங்களிலும் சடலங்கள் கிடந்த காலம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வடக்கு கிழக்கிலிருந்து இந்தியப் படை மார்ச் மாதத்தில்தான் வெளியேறியிருந்தது. ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மானிட அபிவிருத்தியில் சிறந்து விளங்கும் நாடு என உலகம் போற்றிய ஆண்டும் அதுவே.

இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாக இருக்க முடியும் என்ற கேள்வி அன்று தொட்டு என்னைத் தொடர்ந்து வருகின்றது. அதற்கு விடை காண வேண்டுமாயின் இந்தச் சுட்டெண் பிறந்த கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ் 1934 இல் அந்நாட்டு செனட் சபைக்குத் தேசிய வருமானம் பற்றிய தமது கணக்கினைச் சமர்ப்பித்தார். ஒரு நாட்டின் நலனை அதன் தேசிய வருமானத்தைக் கொண்டு ஊகிக்க முடியாது என்ற எச்சரிக்கையையும் அவ்வறிக்கையிலேயே எழுதி வைத்தார். ஆயினும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய உலகம் அவருடைய கணக்கை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை மறந்துவிட்டது. தலா வருமானம் உயர்ந்தால் நாடு முன்னேறுகிறது என்பதே வேதவாக்காயிற்று.

இதன் விளைவை நேரில் கண்டவர்களுள் ஒருவர் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக். ஜனாதிபதி அயூப் கானின் காலத்தில் அந்நாட்டுத் திட்ட ஆணைக்குழுவின் தலைமைப் பொருளியலாளராக அவர் பணியாற்றினார். 1960 களில் பாகிஸ்தானின் வளர்ச்சி வீதம் மேற்குலகினால் முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. அரசாங்கம் அதனை அபிவிருத்தித் தசாப்தம் என்று 1968 இல் கொண்டாடிற்று. அதே 1968 இல், நாட்டின் கைத்தொழில் உடைமைகளில் மூன்றில் இரண்டு பங்கை 22 குடும்பங்களே கையில் வைத்திருக்கின்றன என்று ஹக் பகிரங்கமாகக் கூறினார். கிழக்குப் பாகிஸ்தானுக்கும் மேற்குப் பாகிஸ்தானுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வும் அந்தச் சராசரிக்குள்தான் மறைந்திருந்தது. மூன்றாண்டுகளில் கிழக்குப் பாகிஸ்தான் பங்களாதேஷ் ஆகப் பிரிந்தது. சராசரி எண் எதனை மறைக்கும் என்பதற்கு ஹக்கின் தலைமுறைக்கு இதனிலும் பெரிய பாடம் தேவைப்படவில்லை.

பிற்காலத்தில் உலக வங்கியிலும் பின்னர் பாகிஸ்தானின் நிதியமைச்சராகவும் இருந்த ஹக், 1989 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தில் சேர்ந்து மானிட அபிவிருத்தி அறிக்கையைத் தொடக்கினார். கேம்பிரிட்ஜில் தம்மோடு பயின்ற நண்பர் அமர்த்தியா சென்னைத் துணைக்கு அழைத்தார். மனித வாழ்வின் பல பரிமாணங்களை ஒற்றை எண்ணாகச் சுருக்குவதில் சென்னுக்கு உடன்பாடு இருக்கவில்லை. தேசிய வருமானத்தைப் போலவே பருமட்டான ஓர் எண்தான் அதனை அரியணையிலிருந்து இறக்கக்கூடியது, ஆனால் அந்த எண் சமூக வாழ்வைக் காணாத குருட்டு எண்ணாக இருக்கக் கூடாது என்பதே ஹக்கின் வாதம். சென் இறுதியில் இணங்கினார். இந்த உரையாடலைப் பின்னாளில் சென்னே பதிவு செய்துள்ளார். ஆகவே இச்சுட்டெண்ணின் குறைகள் பிறர் கண்டுபிடித்தவை என்று கூறுவதற்கில்லை. அதனைப் படைத்தவர்கள் அவற்றை அறிந்தே படைத்தார்கள்.

ஆயுள் எதிர்பார்ப்பு, கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்களாக மாற்றி அவற்றின் சராசரியை எடுப்பதே முறை. நீண்ட காலம் சாதாரணக் கூட்டுச் சராசரியே பயன்பட்டது. இதில் உள்ள சிக்கலை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். ஒரு நாடு மூன்று துறைகளிலும் 0.7 பெறுகிறது. இன்னொரு நாடு இரண்டு துறைகளில் 0.9 உம் ஒன்றில் 0.3 உம் பெறுகிறது. இரண்டுக்கும் சராசரி 0.7 தான். ஒரு துறையின் படுவீழ்ச்சியை மற்றத் துறைகளின் உயர்ச்சி மூடிவிடுகிறது. 2010 இல் இதனைத் திருத்திப் பெருக்கற் சராசரியைக் கொண்டுவந்தார்கள். அப்போது இரண்டாவது நாட்டின் மதிப்பு ஏறத்தாழ 0.62 ஆகக் குறையும். இத்திருத்தமும் புதிய சிக்கலைத் தந்தது. வறிய நாட்டில் ஒருவர் மேலதிகமாக வாழும் ஓராண்டுக்கு இச்சூத்திரம் தரும் பெறுமதி, செல்வந்த நாட்டில் தரும் பெறுமதியிலும் மிகக் குறைவானது என்று உலக வங்கியில் பணியாற்றிய மார்ட்டின் ரவாலியன் எடுத்துக்காட்டினார். இந்தியப் பொருளியலாளர் டி. என். சீனிவாசன் 1994 இலேயே இச்சுட்டெண்ணின் அடிப்படைகளையும் அதற்குப் பயன்படும் தரவுகளின் தரத்தையும் கடுமையாக விமர்சித்திருந்தார்.

சூத்திரம் பற்றிய விவாதம் பொருளியலாளருக்குரியது. ஒரு பத்திரிகையாளனாக நான் கண்டவை வேறு வகையான குறைகள். இலங்கையின் வரலாற்றிலிருந்தே அவற்றைச் சொல்லலாம்.

இலங்கை அடைந்தவை பொய்யல்ல. 1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1934-35 இல் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட மலேரியாக் கொள்ளைநோய், அரச மருத்துவ வசதிகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லத் தூண்டியது. 1942 முதல் பங்கீட்டு அரிசி வழங்கப்பட்டது. 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1946 இல் 45 ஐயும் எட்டாதிருந்த ஆயுள் எதிர்பார்ப்பு 1950 களின் நடுப்பகுதியில் 55 ஐத் தாண்டியிருந்தது. இவை எந்த அளவுக்கு அரச நலன்புரிச் செலவினால் விளைந்தவை என்பது குறித்து 1980 களில் அமர்த்தியா சென்னுக்கும் பல்லா, கிளூவ் ஆகியோருக்கும் இடையில் பெரும் விவாதம் நடந்தது. 1960 க்குப் பின்னரான காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இலங்கை விதிவிலக்கான நாடு அன்று என்றனர் அவ்விருவர். பெரும் பாய்ச்சல் அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது என்றார் சென். அரிசி விலையை உயர்த்திய அரசாங்கத்துக்கு எதிராக 1953 ஓகஸ்டில் ஹர்த்தால் செய்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகக் காரணமாயிருந்த மக்களிடம் கேட்டிருந்தால் அவர்களும் ஒரு விடை சொல்லியிருப்பார்கள்.

ஆனால் இந்தச் சாதனை யாருடையது, அதில் யார் இல்லை என்ற கேள்வியை அந்த எண் கேட்பதில்லை.

முதலாவது, எண்ணப்பட்டும் சராசரிக்குள் கரைந்து போனவர்கள். மானிட அபிவிருத்திச் சுட்டெண்ணுக்கு முன்னோடியாக அமைந்தது, அமெரிக்கப் பொருளியலாளர் மொறிஸ் டேவிட் மொறிஸ் 1970 களின் பிற்பகுதியில் உருவாக்கிய பௌதிக வாழ்க்கைத் தரச் சுட்டெண். சிசு மரண வீதம், ஒரு வயதில் ஆயுள் எதிர்பார்ப்பு, எழுத்தறிவு ஆகிய மூன்றையும் சம எடையில் சேர்த்தது அது. 100 க்கு 80 க்கு மேற்பட்ட புள்ளிகளைப் பெற்ற இலங்கை அதன் நட்சத்திர உதாரணமாயிற்று. அதன் புள்ளிவிபரங்கள் 1970 களின் முற்பகுதிக்குரியவை.

அந்த ஆண்டுகளில் மலையகத்தில் என்ன நடந்தது? 1974 இல் இளம் நிருபனாக ஹட்டனுக்குச் சென்றிருந்தேன். உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, இறக்குமதி சுருங்கி, பங்கீடு குறைக்கப்பட்டிருந்த காலம். கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலோ பலா மரமோ இருந்தது. லயக் காம்பராவில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கு நாட்கூலியும் மாவும் அரிசியுமே ஆதாரம். தோட்டத்தில் வேலை நாட்களும் குறைந்திருந்தன. குழந்தைகளைத் தோளில் சுமந்தபடி குடும்பம் குடும்பமாக அவர்கள் பஸ் நிலையத்தில் கையேந்தி நின்றதைக் கண்டேன். அவ்வாண்டில் தோட்டப் பகுதியின் சிசு மரண வீதம் நாட்டின் சராசரியைப் போல இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இது இரகசியமான தகவலன்று. தோட்டங்களில் பிறப்பும் இறப்பும் ஒழுங்காகப் பதியப்பட்டன. பதியப்பட்ட ஒவ்வொரு சாவும் தேசியக் கணக்கில் சேர்ந்தது.

சேர்ந்து என்ன ஆயிற்று? ஓர் உதாரணத்துக்கு நூறு குழந்தைகளில் தொண்ணூறு குழந்தைகள் பிறக்கும் பகுதியில் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 45 எனவும், பத்துக் குழந்தைகள் பிறக்கும் பகுதியில் 100 எனவும் வைத்துக்கொள்வோம். நாட்டின் சராசரி 50.5 ஆகும். பத்துப் பேருக்கு நேர்ந்த பேரிடர் சராசரியில் ஐந்தரைப் புள்ளி மட்டுமே. 1971 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் என வகுக்கப்பட்டோர் நாட்டின் சனத்தொகையில் 9.3 வீதம். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் குடியுரிமையையும் அதைத் தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்த அந்த மக்களுக்கு, 1953 இல் தெற்கத்திய மக்கள் செய்தது போலத் தமது பசிக்காக ஓர் அரசாங்கத்தை வீழ்த்தும் வலிமை இருக்கவில்லை. பாராளுமன்றத்தில் அவர்களது எடை குறைந்தது போலவே சராசரியிலும் குறைந்தது.

இரண்டாவது, எண்ணப்படாமலே விடப்பட்டவர்கள். 1981 இல் நாடு முழுவதும் குடிசன மதிப்பு நடைபெற்றது. 1991 இல் நடைபெறவேண்டியது போரினால் நடைபெறவில்லை. 2001 இல் 25 மாவட்டங்களில் 18 இல் மட்டுமே முழுமையாக நடைபெற்றது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்களில் நடைபெறவே இல்லை. மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியவற்றில் பகுதியளவில் மட்டும். 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளில் நடந்த குடித்தொகை, சுகாதார அளவீடுகளிலும் போர் நடந்த வட, கிழக்குப் பகுதிகள் விடுபட்டன. 2006-07 அளவீட்டில் கிழக்கு சேர்க்கப்பட்டது, வடமாகாணம் சேரவில்லை. நாட்டின் எல்லா மாவட்டங்களையும் உள்ளடக்கிய குடும்ப வருமானச் செலவின அளவீட்டுக்கு 2012-13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் இதனை ஒளிக்கவில்லை. அட்டவணைகளின் கீழே சிறிய எழுத்தில், வடக்கு கிழக்கு நீங்கலாக என்று குறித்திருந்தது. ஆனால் சர்வதேச அறிக்கைகளின் ஒற்றை எண்ணுக்குள் அடிக்குறிப்புக்கு இடமில்லை. வைத்தியசாலைகளில் மருந்தின்றி, மாணவர்கள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த மக்களை விலக்கிவிட்டு எடுத்த அளவீடுகள் இலங்கை முழுவதையும் குறிப்பனவாக உலகின் முன் நின்றன. அங்கு மனிதர் வாழ்ந்த விதம் சுட்டெண்ணைக் குறைத்திருக்கும். அவர்கள் எண்ணப்படாததால் அது குறையவில்லை.

மூன்றாவது, சுட்டெண்ணின் மூன்று கூறுகளில் எதிலும் அடங்காதவை. 1971 ஏப்ரலில் ஆயுதம் ஏந்திய தென்னிலங்கை இளைஞர்களிற் பெரும்பாலோர் படித்தவர்கள். எழுத்தறிவு என்ற கூற்றில் அவர்கள் நாட்டுக்குப் புள்ளி சேர்த்தவர்கள். வேலை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் இலங்கைக்கு வந்த டட்லி சீர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் கிடைத்த தொழிலுக்கும் இடையிலான பிளவையே தனது அறிக்கையின் மையமாகக் கொண்டது. பல்கலைக்கழக அனுமதியில் 1970 களின் முற்பகுதியில் வந்த தரப்படுத்தல் தமிழ் இளைஞர்களிடையே விளைவித்த மனக்கசப்பும், பாடசாலையில் சேர்ந்தோர் வீதம் என்ற கணக்கில் தெரியாது. அச்சமின்றி உறங்கும் உரிமை, தாய்மொழியில் பொலிஸ் நிலையத்தில் முறையிடும் உரிமை, காணாமற் போன மகனைப் பற்றி அறியும் உரிமை என்பனவும் அப்படியே.

சுதந்திரத்தையும் அளக்க ஒருமுறை முயன்றார்கள். 1991 ஆம் ஆண்டு அறிக்கையில், சார்ள்ஸ் ஹுமானாவின் மனித உரிமைக் கையேட்டை ஆதாரமாகக் கொண்டு 88 நாடுகளை மனித சுதந்திரச் சுட்டெண் ஒன்றினால் வரிசைப்படுத்தினார்கள். வளர்முக நாடுகளின் அரசாங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. நாடுகளை அவ்வாறு வரிசைப்படுத்துவது அத்தோடு கைவிடப்பட்டது. அரசாங்கங்கள் எதனை அளக்க அனுமதிக்கின்றனவோ அதுவே அளக்கப்படும் என்பதை அந்த அனுபவம் காட்டிற்று.

2009 ஆம் ஆண்டை நினைவுகூராமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. அவ்வாண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. ஒக்டோபர் முற்பகுதியில் மானிட அபிவிருத்தி அறிக்கை வெளியானது. 182 நாடுகளில் இலங்கைக்கு 102 ஆம் இடம், மதிப்பு 0.759. கணக்கு 2007 ஆம் ஆண்டுக்குரியது. அவ்வருட அறிக்கையின் தொனிப்பொருள் மனித நகர்வும் அபிவிருத்தியும் என்பதாகும். மனிதர் இடம்விட்டு இடம் நகரும் சுதந்திரமே அபிவிருத்தியின் ஓர் அங்கம் என அது வாதிட்டது. அது வெளியான நாளில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் முட்கம்பி வேலிக்குள் வெளியே செல்ல அனுமதியின்றி இருந்தனர். டிசம்பரில்தான் அவர்களுக்கு வெளியே சென்றுவர அனுமதி கிடைத்தது.

இனி அண்மைய அனுபவம். 2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்தது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். செப்டெம்பரில் வெளிவந்த அறிக்கையில் இலங்கை 73 ஆம் இடத்தில், உயர் மானிட அபிவிருத்தி அடைந்த நாடுகளின் பிரிவில் இருந்தது. அதன் கணக்கு 2021 க்குரியது எனலாம். 2022 ஆம் ஆண்டுக்கான கணக்கு 2024 மார்ச்சில் வந்தபோதும் மதிப்பு 0.782 இலிருந்து 0.780 ஆகவே குறைந்திருந்தது. அதே 2022 இல் வறுமை 13 வீதத்திலிருந்து 25 வீதமாக ஏறத்தாழ இரட்டித்தது என்று உலக வங்கி மதிப்பிட்டது. காரணம் எளிது. ஐம்பது வயதானவர் சிறுவயதில் பெற்ற பள்ளிப்படிப்பு ஒரு நெருக்கடியினால் அழிவதில்லை. ஒருவேளை உணவைக் குறைத்தவரின் ஆயுள் மறுவருடமே சுருங்குவதுமில்லை. முன்னைய தலைமுறைகளின் சேமிப்பை அளக்கும் ஓர் எண்ணிடம் இன்றைய பசியைக் கேட்கிறோம்.

இக்குறைகளை நீக்குவதற்கு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் முயன்றே வந்துள்ளது. பால்நிலை சார்ந்த சுட்டெண்கள் 1995 இலும், ஏற்றத்தாழ்வைக் கழித்துப் பார்க்கும் சுட்டெண்ணும் பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணும் 2010 இலும் வந்தன. 2019 ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு இலங்கையில் தயாரிக்கப்பட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில், நாட்டில் ஆறில் ஒருவர் வறியவர் எனவும், தோட்டப் பகுதியில் பாதிக்கு மேற்பட்டோர் வறியவர் எனவும் தெரியவந்தது. பிரித்துப் பார்த்தால் உண்மை தெரியும் என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் நாளிதழ்களின் முதற்பக்கத்துக்கு வருவது இன்றும் ஒற்றை வரிசை எண்தான். எத்தனை இடம் ஏறினோம், எத்தனை இடம் இறங்கினோம், இந்தியாவுக்கு முன்னா பின்னா என்று கிரிக்கெட் ஆட்டம் போல எழுதுகிறோம். 1990 இல் நானும் அப்படித்தான் எழுதினேன். அடிக்குறிப்பைத் தேடிப் படிக்கவில்லை.

ஹக் அமைத்த சுட்டெண்ணைத் தூக்கி எறிய வேண்டும் என்பது என் வாதமன்று. தலா வருமானம் ஒன்றையே தெய்வமாகத் தொழுத உலகில், ஒரு தாய் பிள்ளைப்பேற்றில் இறக்கிறாளா, ஒரு பிள்ளை பள்ளிக்குச் செல்கிறதா என்று கேட்க வைத்தது பெரிய காரியம். அது ஒரு நாட்டைப் பற்றிய பேச்சைத் தொடக்கி வைப்பதற்கான எண். அந்தப் பேச்சை முடித்து வைக்கும் நற்சான்றிதழாக அரசாங்கங்கள் அதனை நீட்டும்போது, யார் எண்ணப்பட்டார்கள், யார் சராசரிக்குள் கரைந்தார்கள், எது அளக்கப்படவில்லை என்ற மூன்று கேள்விகளையாவது நாம் கேட்க வேண்டும்.

என் சின்னம்மா வலிகாமம் வடக்கில் வாழ்ந்தவர். 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது கணக்கெடுக்க வந்தவருக்குத் தேநீர் கொடுத்து, வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, என்ன கூரை என்று விபரம் சொன்னதைப் பலமுறை கூறியிருக்கிறார். 1990 இல் இடம்பெயர்ந்தார். 1995 இல் வன்னிக்குச் சென்றார். 2001 இல் கிளிநொச்சியில் ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்தார். கணக்கெடுக்க எவரும் வரவில்லை. 2007 இல் நோயுற்று அங்கேயே காலமானார். அடுத்த முழுமையான குடிசன மதிப்பு 2012 இல் வந்தபோது அவர் இல்லை.

இடைப்பட்ட 31 ஆண்டுகளில் இலங்கையின் மானிட அபிவிருத்தி எவ்வளவு உயர்ந்தது என்று அட்டவணைகள் சொல்கின்றன. அந்த அட்டவணைகளை இப்போது பார்க்கும்போதெல்லாம் முதலில் அடிக்குறிப்பைத்தான் தேடுகிறேன்.